பேட்டரி இருக்கிறது, ஆனால் லிஃப்ட் நகரவில்லை

பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் இடிமழை பிடித்தால் மரம் சாயும், கரண்ட் போகும். அப்படி ஒரு நாள் அல்சூரில் எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு பாட்டி, இரண்டு மாடிகளுக்கு நடுவே இருட்டில் இருபது நிமிடத்துக்கு மேல் மாட்டிக்கொண்டார். இத்தனைக்கும் எங்கள் லிஃப்டில் ஏ.ஆர்.டி. உண்டு. கரண்ட் போனதும் பேட்டரியில் லிஃப்டை மெதுவாக அடுத்த மாடிக்கு நகர்த்திக் கதவைத் திறந்துவிடும் கருவி அது. அன்றைக்கு அது அசையவே இல்லை. பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது, யாருக்கும் தெரியவில்லை.

இந்த பேட்டரிகள் பெரும்பாலும் மொட்டை மாடி மெஷின் ரூமில்தான் இருக்கும். வெயிலில் அந்த அறை கொதிக்கும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். வாங்கிய தேதியை அதன் மேலேயே மார்க்கரால் எழுதிவையுங்கள். இரண்டு, மூன்று வருடம் ஆகிவிட்டால், பச்சை விளக்கு எரிகிறதே என்று நம்பி விட்டுவிடாதீர்கள். சும்மா இருக்கும்போது வோல்டேஜ் சரியாகக் காட்டும் பேட்டரி, மோட்டாரை இழுக்கச் சொன்னதும் படுத்துவிடும்.

சோதிப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. சர்வீஸுக்கு வருபவர் லிஃப்ட் தரைத்தளத்தில் நிற்கும்போது மெயினை அணைப்பார், கதவு திறக்கும், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதில் கதவு திறந்தது மட்டும்தான் தெரிந்தது. காலி லிஃப்டை இரண்டு மாடிகளுக்கு நடுவே ஓடவிட்டு, அங்கே கரண்டை நிறுத்தச் சொல்லுங்கள். லிஃப்டுக்கு வரும் மூன்று பேஸ் (phase) கரண்டில் ஒன்றை மட்டும் எடுத்தும் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊரில் ஒரு பேஸ் மட்டும் போவது சகஜம். வீட்டில் விளக்கு எரியும், லிஃப்ட் நின்றுவிடும். அப்போதும் ஏ.ஆர்.டி. வேலை செய்தாக வேண்டும்.

"ஜெனரேட்டர்தான் இருக்கே" என்று அசோசியேஷன் கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். அதைக் கிளப்பவும் ஒரு பேட்டரி வேண்டும், அதுவும் சாகும். டீசலும் தீரும். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் பேஸ்மெண்ட்களில் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம். ஜெனரேட்டரோ பேனலோ அங்கே இருந்தால் என்ன ஆகும்? தண்ணீர் ஏறத் தொடங்கினால் லிஃப்டை மேல் மாடியில் நிறுத்தி, உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு அணைத்துவிடுவதுதான் சரி.

உள்ளே இருப்பவர்கள் செய்யும் தவறு இன்னும் ஆபத்தானது. பதற்றத்தில் கதவை இழுப்பார்கள். கதவு முழுதாக மூடியிருந்தால்தான் லிஃப்டின் பாதுகாப்பு சர்க்யூட் சேரும். இழுத்துப் பிடித்தால் அது விட்டுப்போகும், நல்ல ஏ.ஆர்.டி.கூட நகராது. காப்பாற்ற வந்ததை நாமே தடுக்கிறோம். பாதி வழியில் நிற்கும் லிஃப்டிலிருந்து குதித்து இறங்குவது அதைவிட மோசம். லிஃப்டின் அடியில் திறந்திருக்கும் சந்து வழியாகக் குழிக்குள் விழுந்துவிடலாம். பயிற்சி இல்லாத வாட்ச்மேனைச் சாவி கொடுத்துத் திறக்கச் சொல்லாதீர்கள், பிரேக்கைத் தளர்த்தவும் விடாதீர்கள்.

அப்புறம், ஏ.ஆர்.டி. நகர்த்தும்போது உள்ளே ஒருவர் மட்டும் இருந்தால் லிஃப்ட் பெரும்பாலும் மேலே போகும். எதிர்ப்பக்கம் தொங்கும் எடை, கூண்டின் எடையோடு முழு பாரத்தில் கிட்டத்தட்ட பாதியையும் தாங்கும் அளவுக்கு வைக்கப்பட்டிருக்கும். அதனால் ஆள் குறைவாக இருந்தால் மேலே இழுப்பதுதான் பேட்டரிக்குச் சுலபம். இது தெரியாமல் பலர் அலறிவிடுகிறார்கள்.

தீ விபத்தில் மட்டும் ஏ.ஆர்.டி.யை நம்பி லிஃப்டில் ஏறவே கூடாது, படிக்கட்டுதான்.

எங்கள் லிஃப்டுக்குள் இப்போது கன்னடம், தமிழ், இந்தி, ஆங்கிலம் நான்கிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்: கதவைத் தொடாதீர்கள், மணியை அழுத்துங்கள், மேலே போனாலும் பயப்படாதீர்கள். இன்டர்காம் எடுக்கும் செக்யூரிட்டி தம்பிக்குத் தமிழ் வராது. அதனால் "பயப்படாதீங்க பாட்டி, ஆள் வர்றாங்க" என்ற ஒரு வரியை மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.