ஒரே டிரான்சிஸ்டரில் மூன்று செய்முறைகள்: பள்ளி மாணவர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் தொடங்கும் வழி

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஓம் விதி பத்தாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. மூன்று கால் கொண்ட சின்ன எலக்ட்ரானிக்ஸ் பாகமான டிரான்சிஸ்டரைப் பார்க்கப் பன்னிரண்டாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவு நாள் ஏன் காக்க வேண்டும்? எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளே அதைத் தாராளமாகக் கையாளலாம். முதலில் எரிய வைக்கட்டும், காரணத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம். நிரல் எழுதி இயக்கும் ஆர்டுயினோ போர்டில் தொடங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. விளக்கு எரியாவிட்டால் தப்பு நிரலிலா, வயரிலா என்றே தெரியாமல் பிள்ளை விழிக்கும்.

வாங்க வேண்டியவை

ஒரு பிரெட்போர்டு (பாகங்களைத் துளைகளில் செருகியே சர்க்யூட் அமைக்கும் பலகை), 9 வோல்ட் பேட்டரி, அதற்கான கிளிப், சிவப்பு எல்இடி, பிசி 547 டிரான்சிஸ்டர், சின்ன எல்டிஆர் (வெளிச்சத்துக்கேற்ப மின்தடை மாறும் பாகம்), 9 வோல்ட்டில் ஒலிக்கும் பஸ்ஸர், கொஞ்சம் ஜம்பர் வயர். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் மூன்று (அடைப்புக்குள் இருப்பவை அதன் மேலுள்ள வண்ணப் பட்டைகள்): 470 ஓம் (மஞ்சள், ஊதா, பழுப்பு), 10 கிலோ ஓம் (பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு), 100 கிலோ ஓம் (பழுப்பு, கருப்பு, மஞ்சள்). சென்னை ரிச்சி தெருவிலும், ஊரில் உள்ள எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளிலும் எல்லாம் கிடைக்கும். டிரான்சிஸ்டரையும் எல்இடியையும் கூடுதலாகவே வாங்குங்கள். புகையாமல் யாரும் கற்றுக்கொள்வதில்லை. இரண்டு பேருக்கு ஒரு செட் போதும். மூன்று பேர் என்றால் ஒருவர் வேடிக்கைதான் பார்ப்பார்.

பேட்டரி தவிர வேறு மின்சாரம் வேண்டாம். சுவரில் செருகும் அடாப்டரும் கூடாது, ஏனென்றால் இங்கே பிள்ளைகள் கையே சர்க்யூட்டின் பாகமாகப் போகிறது.

முதல் செய்முறை: விரல் பட்டால் எரியும் விளக்கு

பிரெட்போர்டில் ஒரே எண்ணுக்குக் கீழே உள்ள ஐந்து துளைகளும் உள்ளே இணைந்தவை. ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் சிவப்புக் கோட்டில் பேட்டரியின் பிளஸ், நீலக் கோட்டில் மைனஸ். நீளமான போர்டு சிலவற்றில் இந்தக் கோடு நடுவில் அறுபட்டிருக்கும், கவனியுங்கள். பேட்டரியைக் கடைசியில்தான் மாட்ட வேண்டும்.

1. டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடியுங்கள். இடமிருந்து வலம் கலெக்டர், பேஸ், எமிட்டர். அவற்றை முறையே 10, 11, 12ஆம் எண்களில் செருகுங்கள்.
2. எமிட்டரில் (12) இருந்து நீலக் கோட்டுக்கு ஒரு வயர்.
3. எல்இடியின் நீளமான கால் 8இல், குட்டைக் கால் 10இல்.
4. சிவப்புக் கோட்டிலிருந்து 8க்கு 470 ஓம்.
5. பேஸில் (11) இருந்து 16க்கு 10 கிலோ ஓம்.
6. 16இல் ஒரு வயர், சிவப்புக் கோட்டில் ஒரு வயர். இரண்டின் மறுமுனையும் சும்மா தொங்கட்டும்.

பேட்டரியை மாட்டி, தொங்கும் இரு முனைகளையும் ஒரே விரலால் அழுத்தச் சொல்லுங்கள். எல்இடி எரியும். விரலை ஈரமாக்கினால் இன்னும் பளிச்சென்று எரியும்.

அடுத்து, நான்கைந்து பேரைக் கைகோத்து நிற்க வையுங்கள். முதல் ஆள் ஒரு முனையையும் கடைசி ஆள் மறுமுனையையும் பிடிக்க, விளக்கு மங்கலாக எரியும். நடுவில் ஒருவர் கையை விட்டால் அணையும். வகுப்பில் கூச்சல் அடங்கக் கொஞ்ச நேரமாகும், அடங்கட்டும்.

இப்போது கணக்குக்கு வரலாம். காய்ந்த விரலின் மின்தடை 5 லட்சம் ஓம் என்று வைத்துக்கொண்டால், 9 வோல்ட்டில் 18 மைக்ரோ ஆம்பியர்தான் ஓடும். டிரான்சிஸ்டர் இல்லாமல் எல்இடியையும் விரலையும் நேராகத் தொடரில் இணைத்துக் காட்டுங்கள். வெளிச்சமான அறையில் ஒன்றும் தெரியாது. அதே துளி மின்னோட்டம் பேஸுக்குள் போனால், கலெக்டர் வழியே அதைப்போல நூறு, இருநூறு மடங்கு ஓடுகிறது. டிரான்சிஸ்டரின் வேலை இதுதான். 10 கிலோ ஓம் எதற்கு என்று யாராவது கேட்டால் நல்ல கேள்வி: அது இல்லாமல் இரு முனைகளும் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் பேஸில் அளவில்லாமல் மின்னோட்டம் பாய்ந்து டிரான்சிஸ்டர் போய்விடும்.

இரண்டாவது: தொட்டி நிரம்பினால் கத்தும் பஸ்ஸர்

எல்இடியையும் 470 ஓமையும் எடுத்துவிடுங்கள். பஸ்ஸரின் பிளஸ் சிவப்புக் கோட்டில், மைனஸ் 10இல். தொங்கும் இரு முனைகளையும் ஒரு டம்ளரின் மேல் விளிம்பருகே, ஒன்றையொன்று தொடாமல் ஒட்டி வைத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். முனைகளைத் தொட்டதும் கத்தும். போர் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், உப்புத் தண்ணீர் மூன்றிலும் செய்து பார்க்கட்டும். ஆர்ஓ தண்ணீரில் சத்தம் ஏன் சுணங்குகிறது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். இதை அப்படியே மொட்டை மாடித் தொட்டியில் நிரந்தரமாகப் போட வேண்டாம். நாள்கணக்கில் தண்ணீரிலேயே கிடந்தால் பிளஸ் பக்கத்துச் செம்புக் கம்பி அரித்துப்போகும்.

மூன்றாவது: இருட்டினால் எரியும் விளக்கு

பஸ்ஸரை எடுத்துவிட்டு எல்இடியையும் 470 ஓமையும் பழைய இடத்தில் வையுங்கள். 10 கிலோ ஓமும் தொங்கும் வயர்களும் வேண்டாம். சிவப்புக் கோட்டிலிருந்து பேஸுக்கு (11) 100 கிலோ ஓம். பேஸிலிருந்து நீலக் கோட்டுக்கு எல்டிஆர்.

வெளிச்சத்தில் எல்டிஆரின் மின்தடை சில ஆயிரம் ஓம்தான். அதனால் பேஸில் வோல்ட்டேஜ் ஏறாது, டிரான்சிஸ்டர் திறக்காது. கையால் மூடினால் மின்தடை எகிறும், பேஸ் 0.6 வோல்ட்டைத் தாண்டும், விளக்கு எரியும். வோல்ட்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் பேஸுக்கும் மைனஸுக்கும் நடுவே வைத்து இந்த ஏற்றத்தைப் பார்க்கலாம்.

மூடாமலே எரிகிறதா? அறை வெளிச்சம் போதவில்லை. ஜன்னலோரம் போங்கள், அல்லது 100 கிலோ ஓம் இரண்டைத் தொடரில் போடுங்கள். மூடினாலும் மினுக்கென்றுதான் எரிகிறதா? எல்இடியின் ஒளியே எல்டிஆரில் விழுகிறது. எல்இடியைத் திருப்பி வையுங்கள். எரியவே இல்லையென்றால், பெரும்பாலும் எல்இடி தலைகீழாக இருக்கும் அல்லது ஏதோ ஒரு கால் ஓர் எண் தள்ளிச் செருகப்பட்டிருக்கும். நீங்கள் கை வைக்காதீர்கள். பக்கத்து ஜோடி வந்து கண்டுபிடிக்கட்டும்.

வீட்டுவேலையாக ஒன்று: பீரோவைத் திறந்ததும் கத்தும் பஸ்ஸர். எல்டிஆரும் 100 கிலோ ஓமும் இடம் மாற வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். கூடவே, எல்டிஆருக்கும் பேஸுக்கும் நடுவே அந்த 10 கிலோ ஓமைத் திரும்பப் போடச் சொல்ல மறக்காதீர்கள்; நேர் வெயிலில் எல்டிஆரின் மின்தடை மிகவும் இறங்கிவிடும்.