தீவனக் கடனைத் தவணையாக்கினோம், மீன் விலை எங்கள் கைக்கு வந்தது

டெல்டாவில் ஒரு ஏக்கர் குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்பவரிடம் குஞ்சு வாங்கக் காசு இருக்கும். ஆறாம் மாதத் தீவனத்துக்கு இருக்காது. அங்கேதான் வியாபாரி முன்பணம் கொடுத்துவிட்டு, விலையையும் தானே வைக்கிறார்.

எங்கள் மீன் வளர்ப்போர் குழுவில் முதலில் கடனை மொத்தத் தீவனமாக ஒரே தடவையில் கொடுத்தேன். அது தவறு. ஐப்பசி மழையில் மூட்டைகள் பூஞ்சை பிடித்தன.

பிறகு 15 நாளுக்கு ஒருமுறை வீச்சுவலை போட்டு 30 மீன்களை நிறுத்துப் பார்த்தோம். சராசரி 300 கிராம், பிழைத்தவை 1,600 என்றால் குளத்தில் 480 கிலோ மீன். அதில் 3 சதவீதம், நாளுக்கு 14.4 கிலோ தீவனம். 15 நாளுக்கு அடுத்த தவணை 216 கிலோ, அதற்குமேல் கிடையாது. மீன் வளர வளர சதவீதத்தை 2 வரை இறக்கினோம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் அன்று தீவனம் போடக் கூடாது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது.

கடனுக்கு உழவர் கடன் அட்டை நல்லது. மீன் வளர்ப்புக்கும் உண்டு. ஆனால் திருப்பும் தேதியை அறுவடைக்கு ஒரு மாதம் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். முன்னால் விழுந்தால் சின்ன மீனையே பிடித்து விற்க நேரும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடல்மீன் வரத்து குறையும் அந்த நாட்களுக்கே அறுவடையை வைத்தோம். புரட்டாசியைத் தவிர்த்தோம். எல்லாக் குளத்தையும் ஒரே நாளில் இழுத்தால் விலை விழும். வாரம் இரண்டு குளம் போதும். தொலைவுக்கு அனுப்பும்போது கிலோவுக்குக் கிலோ ஐஸ் வையுங்கள்.