எக்கோவில் கோடு விழுந்தால் எங்கே தேடுவது

தேங்காப்பட்டணத்திலும் கொச்சி தோப்பும்படியிலும் மீன்பிடிப் போட்டுகளுக்கு வயரிங் செய்கிறேன். எக்கோ என்பது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அது மோதித் திரும்புவதை வைத்து மீனையும் ஆழத்தையும் திரையில் காட்டும் மெஷின். ஜூலை 31-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் இறங்கியதும் ஸ்ராங்குகள் (போட்டை ஓட்டுபவர்கள்) கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்: "அண்ணே, எக்கோவில ஒரே மழையா பெய்யுது, மீன் எது புள்ளி எதுன்னு தெரியல." கரையில் கிடந்த இரண்டு மாதத்தில் அந்தப் போட்டில் புதிதாக என்ன மாட்டினீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

ஹார்பருக்குள் வைத்துப் பார்க்காதீர்கள், பக்கத்துப் போட்டுகளின் எக்கோவும் சேர்ந்து குழப்பும். கொஞ்சம் வெளியே போய் நங்கூரம் போட்டு, இன்ஜின் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எக்கோவை மட்டும் ஓட விடுங்கள். திரை சுத்தமாக இருந்தால் மெஷின் நல்ல மெஷின்தான். அப்புறம் லைட், இன்வெர்ட்டர், மொபைல் சார்ஜர், வயர்லெஸ், பம்ப், கடைசியாக இன்ஜின் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் கோடு விழுகிறதோ அதுதான் ஆள்.

என் அனுபவத்தில் பெரும்பாலும் விலை மலிவான எல்ஈடி லைட்தான் மாட்டும். அதற்குள் இருக்கும் டிரைவர் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடுகிறது. அந்த மின் இரைச்சல் எக்கோ வேலை செய்யும் 50, 200 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறி வந்துவிடும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டரும் இதே இனம்தான். நல்ல லைட்டாக மாற்றுங்கள், இல்லையென்றால் அதன் வயரில் ஃபெரைட் வளையம் (மின் இரைச்சலை உறிஞ்சும் காந்தப்பொருள் வளையம்) போட்டுப் பாருங்கள். வளையம் எல்லா இரைச்சலையும் நிறுத்தாது, குறைக்கும்.

இரைச்சல் எந்த வழியாக வருகிறது என்று தெரிய, மெஷினை அணைத்து, டிரான்ஸ்டியூசரின் (போட்டின் அடியில் இருந்து ஒலியை அனுப்பி வாங்கும் பகுதி) பிளக்கைக் கழற்றிவிட்டு மெஷினை மறுபடி போடுங்கள். அப்போதும் புள்ளி விழுந்தால் அது பவர் வயர் வழியாக வருகிறது. நின்றுவிட்டால் டிரான்ஸ்டியூசர் கேபிள் வழியாக. சில மெஷின்கள் பிளக் இல்லையென்றால் தானாக டெமோ படத்துக்குப் போய்விடும். திரையில் ஓடுகிற அழகான மீன்களைப் பார்த்து வலை இறக்கிவிடாதீர்கள்!

பவர் வழி என்றால், பிளஸ், மைனஸ் இரண்டையும் நேராகப் பேட்டரியிலிருந்தே தனியாக, தனி ஃபியூஸோடு, முறுக்கிக் கொண்டு வாருங்கள். லைட் போர்டிலிருந்து கொக்கி போடுவது வேண்டாம். கேபிள் வழி என்றால் இடம் மாற்றுங்கள். இடம் மிச்சமென்று டிரான்ஸ்டியூசர் கேபிளை ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது) வயரோடு ஒரே கட்டாகக் கட்டி வைப்பார்கள், எனக்கு எரிச்சலே அதில்தான். ஓரிரு அடியாவது தள்ளி ஓட்டுங்கள், குறுக்கே போக வேண்டி வந்தால் செங்குத்தாக வெட்டிப் போகட்டும். நீளம் கூடுதல் என்று கேபிளை வெட்டி ஒட்டாதீர்கள், உள்ளே இரைச்சலைத் தடுக்கும் ஷீல்டு உறை போய்விடும். பிளக்கில் பச்சைக் களிம்பு இருந்தால் சுத்தம் செய்யுங்கள்.

இன்ஜின் போட்டால் மட்டும் வருகிறதா? நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டர் கொடுங்கள். வேகத்தோடு கோடும் கூடினால் ஆல்டர்னேட்டர் பக்கம் பாருங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனைகளில் அளக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு போயிருக்கும். நியூட்ரலில் சுத்தமாக இருந்து, ஓடும்போது மட்டும் வந்தால் அது கரண்ட் கோளாறே இல்லை. டிரான்ஸ்டியூசருக்கு அடியில் காற்றுக் குமிழி ஓடுகிறது, அல்லது புரொப்பல்லர் சத்தம். டிரான்ஸ்டியூசரின் முகத்தில் சிப்பி ஒட்டியிருக்கிறதா என்று ஆளை இறக்கிப் பாருங்கள், இன்ஜினை நிறுத்திவிட்டு.

மெஷினில் இருக்கும் நாய்ஸ் ஃபில்டரை முதலிலேயே ஏற்றிவிடுவது பலருக்கும் பழக்கம். ஏற்ற ஏற்றச் சின்ன மீனும் மறைந்துபோகும். பக்கத்தில் வலை இழுக்கும் போட்டின் எக்கோ துண்டு துண்டான சாய்ந்த கோடாக விழும்போதுதான் இன்டர்ஃபியரன்ஸ் ஃபில்டருக்கு வேலை. முதல் படியில் வைத்தாலே பெரும்பாலும் போதும். அதிலும் நிற்கவில்லையென்றால் எக்கோவை 200-லிருந்து 50 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள், அல்லது வயர்லெஸ்ஸில் அவர்களைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள்.