மூல ஒழுங்கைக் காட்டும் டி.என்.ஏ. மாதிரி செய்வது எப்படி

பள்ளிக் கண்காட்சிகளில் வைக்கும் டி.என்.ஏ. மாதிரிகள் பல, நான்கு நிறங்களை மாறி மாறி ஒட்டிய முறுக்கேணிகள்தான். மூலங்களின் (ஏணிப் படிகளாக அமையும் அடினீன் ‘ஏ’, தைமீன் ‘ரி’, குவானீன் ‘ஜி’, சைற்றோசீன் ‘சி’ ஆகியவற்றின்) வேலை என்னவென்று அவற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. இங்கே செய்வது இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் புரதமான ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலிக்குரிய பரம்பரையலகிலிருந்து (ஜீன்) 20 மூலச் சோடிகள். அளவுத்திட்டம்: 1 நனோமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர்.

நடுத்தண்டுக்கு அரை அங்குல பி.வி.சி. குழாய் 85 சென்ரிமீற்றர். அடியைச் சீமெந்து நிரப்பிய பால்மா ரின்னில் நிறுத்துங்கள். படிகளுக்கு 2 மில்லிமீற்றர் ஜீ.ஐ. கம்பி, 21 சென்ரிமீற்றர் வீதம் 20 துண்டு. சாதாரண கட்டுக்கம்பி வேண்டாம். கல்முனைக் கடற்காற்றில் துருவேறி நூலைக் கறையாக்கும். நூலுக்கு மருதமுனைத் தறிகளில் மிஞ்சும் சாயநூலே போதும்: நான்கு நிறமும் வெள்ளையும். வெள்ளை மணி 50. முதுகெலும்புக்கு, அதாவது படிமுனைகளை இணைக்கும் இரு பக்க இழைகளுக்கு, மீன்தொட்டிக் காற்றுக்குழாய், 150 சென்ரிமீற்றர் வீதம் இரண்டு.

கவனமாகச் செய்யவேண்டியது துளையிடல். குழாயின் சுற்றளவைக் காகிதப் பட்டியால் எடுத்து, பத்துச் சம பங்காக்கி, பத்து நெடுங்கோடுகள் வரையுங்கள். அடியிலிருந்து 12 சென்ரிமீற்றரில் முதல் துளை, எதிர்ப்பக்கம் வரை. பின்பு ஒவ்வொரு துளைக்கும் 3.4 சென்ரிமீற்றர் மேலே, ஒரு கோடு வலப்பக்கம். இடப்பக்கம் நகர்த்தினால் இடச்சுற்று வரும், டி.என்.ஏ. வழக்கமாக வலச்சுற்று. (உயிர்க்கலத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10.5 சோடி. பத்து என்பது நம் வசதிக்கு.)

கம்பியை நுழைத்ததும் துளை உங்களை நோக்கி இருக்க, கம்பியின் இரு கைகளையும் உங்கள் வலப்பக்கமாக 25 பாகை வளையுங்கள். நேராக விட்டால் இழைகளுக்கிடையே சுற்றிவரும் இரு பள்ளங்களும் ஒரே அகலமாகிவிடும். உண்மையில் ஒன்று அகலம், மற்றது ஒடுக்கம்.

மேலிருந்து கீழாக ஒரு இழையின் ஒழுங்கு இது: சி ஏ ரி, சி ரி ஜி, ஏ சி ரி, சி சி ரி, ஜி ஏ ஜி, ஜி ஏ ஜி, ஏ ஏ. எதிர் இழையில் ஏ-க்கு ரி, ஜி-க்கு சி. அடினீனும் குவானீனும் இரட்டை வளையம் கொண்டவை, நூலை 5.5 சென்ரிமீற்றர் சுற்றுங்கள். தைமீன், சைற்றோசீன் ஒற்றை வளையம், 3.5 போதும். மிச்சம் வெள்ளை. இரண்டு இரட்டை வளையங்களை எதிரெதிரே வைத்தால் படி நீண்டு ஏணி புடைக்கும், சோடி விதியின் காரணத்தில் பாதி அதுதான். மறுபாதி ஐதரசன் பிணைப்பு: ஏ-ரி படியில் இரண்டு மணி, ஜி-சி படியில் மூன்று. எண்ணிப் பாருங்கள், ஐம்பதும் முடிந்திருக்கவேண்டும்.

காற்றுக்குழாயில் 7.1 சென்ரிமீற்றருக்கு ஒரு அடையாளமிட்டுக் கம்பிமுனைகளைக் குத்துங்கள். 3.4 எனக் குறித்தால் பாதியிலேயே இழுபடும். இழை சாய்வாக ஏறுகிறது. இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. அதைக் காட்ட, மேலே தந்த ஒழுங்குள்ள இழைக்கு மேல்முனையில் 5 (இழையை வாசிக்கத் தொடங்கும் முனையின் பெயர்), மற்றதற்குக் கீழ்முனையில் 5 என ஒட்டுங்கள்.

மேலிருந்து 14ஆம் படியைப் பசையிட்டு ஒட்டாதீர்கள். பார்வையாளர் முன் அதைக் கழற்றி, முனைமாற்றிச் செருகுங்கள். மணி அதே இரண்டு, நீளமும் அதே. ஆனால் ஜி ஏ ஜி இப்போது ஜி ரி ஜி. மும்மூன்று மூலங்கள் புரதத்தின் ஒவ்வொரு அமினோவமிலத்தைக் குறிப்பதால், குளுற்றாமிக்கமிலம் என்ற அமினோவமிலத்தின் இடத்தில் வலீன் சேரும். அரிவாள்கல இரத்தச்சோகையின் மாற்றம் இதுவே.