மனநிலைச் செயலிக்கு விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு

மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் வீட்டில் இருந்தபடியே செயலிகளுக்குத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் தொழில். ஸ்டோரில் வரும் விளக்கம், பொத்தான், நோட்டிபிகேஷன் எல்லாம்தான். மனநிலையைப் பதிந்து வைக்கும் செயலி செய்கிற பிள்ளைகளும் வருவார்கள். பெரும்பாலும் கையோடு ஒரு வரியும் கொண்டுவருவார்கள்: 'மன அழுத்தத்தை 21 நாளில் போக்கும்.' முதல் வேலையாக அதை வெட்டிவிடுங்கள்.

செயலி உண்மையில் என்ன செய்கிறதோ அதை எழுதினால் போதும். 'இன்றைக்கு மனம் எப்படி இருந்தது, எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்று குறித்து வைக்கலாம். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கலாம். இது நோயைக் கண்டுபிடிக்காது, வைத்தியமும் செய்யாது.' கடைசி வரி விற்பனையைக் கெடுக்கும் என்று முகம் சுளிப்பார்கள். மூளைப் பயிற்சி விளையாட்டு விற்ற லுமோசிட்டி, முதுமையில் வரும் மறதியைத் தள்ளிப்போடலாம் என்கிற மாதிரி ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக 2016 இல் அமெரிக்காவில் 20 லட்சம் டொலர் கட்ட நேர்ந்தது. அந்தக் கதையைச் சொன்னால் கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

படங்களையும் பாருங்கள். ஸ்டோரில் போடும் ஸ்கிரீன்ஷொட்டில் கோடு எப்போதும் ஏறிக்கொண்டே போகும், மூன்றாம் வாரத்தில் மஞ்சள் சிரிப்பு. யாருடைய மாதம் அப்படிப் போகிறது? ஏறி இறங்கும் கோட்டையே போடுங்கள். வாங்குகிறவர் தன் கோடு இறங்கும்போது தன்னில் ஏதோ பிழை என்று நினைக்க மாட்டார்.

சிலர் பிஎச்கியூ-9 என்ற, மனச்சோர்வின் அறிகுறிகளைக் கேட்கும் ஒன்பது கேள்விகளை அப்படியே உள்ளே வைப்பார்கள். அதில் 0 முதல் 27 வரை புள்ளி வரும். அது வைத்தியரிடம் போகவேண்டுமா என்று பார்க்க உதவும் வடிகட்டல்தான். 'உங்களுக்கு மனச்சோர்வு நோய்' என்று திரையில் எழுத அது அனுமதிச்சீட்டு இல்லை. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியும் தன்னைக் காயப்படுத்துவதைப் பற்றியும் கேட்கிறது. அதற்கு ஒருவர் 'சில நாட்கள்' என்று தொட்டால்கூட, அடுத்த திரையில் 'நன்றி, தொடருங்கள்!' வரக்கூடாது. 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி எண் பெரிய எழுத்தில், தொட்டால் அழைப்புப் போகும்படி வரவேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸ். போடுவதற்கு முன் நீங்களே 1926 ஐ அழைத்து, தமிழில் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நம் ஆட்கள் கனடாவிலும் இருக்கிறார்கள், அங்கே எண் 988. அதனால் நாட்டைப் பார்த்து எண் மாறவேண்டும். அந்தத் திரையைக் கட்டணப் பூட்டுக்குப் பின்னால் வைக்கிறவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பதில்லை.

அடுத்தது நோட்டிபிகேஷன். இங்கே பல வீடுகளில் ஒரு போனைத்தான் நாலு பேர் தொடுகிறார்கள். மருமகள் அடுப்படியில் நிற்க, போன் மாமியின் கையில் இருக்கும். பூட்டிய திரையில் 'மூன்று நாளாகக் கவலையாக இருக்கிறீர்கள், பேசலாமா?' என்று வந்தால் மாமி கேட்பது 'என்ன மனே, எங்கட வீட்டில உனக்கு என்ன கவலை?' என்றுதான். அதோடு அந்தப் பிள்ளை செயலியை அழித்துவிடும். 'இன்றைய குறிப்பு' என்று மட்டும் வரட்டும். செயலியின் பெயரிலும் ஐகனிலும்கூட மனம், கவலை என்று எழுதி ஒட்டவேண்டாம்.

திகதிகளையும் கவனியுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். இங்கே மட்டக்களப்பு நாவலடியிலும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். 2019 ஏப்ரல் 21 இல், ஈஸ்டர் ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அந்த நாட்களில் காலை ஏழு மணிக்கு 'புன்னகையோடு தொடங்குங்கள்!' என்று அனுப்பும் செயலியை என்னவென்று சொல்வது? ஒருநாள் எழுதாமல் விட்டால் 'உங்கள் தொடர் அறுந்துவிட்டது' என்று அழுகிற பொம்மை காட்டுவதும் அதே ரகம். செயலி எதுவும் அனுப்பாமல் பேசாமல் இருக்கும் வசதியையும் வைத்து, அதை விளக்கத்திலேயே சொல்லுங்கள்.

தரவு விஷயத்தில் சுற்றி வளைக்கவேண்டாம். இணையத்தில் மனநல ஆலோசனை கொடுக்கும் அமெரிக்காவின் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் ரகசியம் காப்போம் என்று சொல்லிவிட்டு, ஆட்களின் விவரங்களை விளம்பரத்துக்காக பேஸ்புக் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்ற வழக்கில், 2023 இல் 78 லட்சம் டொலர் கொடுக்க உத்தரவானது. இலங்கையிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் கவனம் வேண்டிய வகையில் வைத்திருக்கிறது. 'உங்கள் ரகசியம் பத்திரம்' என்பதை விட்டுவிட்டு, குறிப்பு போனிலேயே இருக்கிறதா, வெளியே போகிறதா, யாரிடம் போகிறது என்று எழுதுங்கள். விளம்பரக் கம்பனியின் நிரல் உள்ளே கிடந்தால் முதலில் அதைக் கழற்றவேண்டும், விளக்கம் அப்புறம். அழிக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது, அழுத்தினால் சேர்வரிலும் அழிகிறதா என்பதையும் ஸ்டோர் விளக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இறக்கிப் பதிவு செய்த பிறகு அதைத் தேடவைப்பது சரியில்லை.