விடிவெள்ளியை ட்ரோன் என்று எண்ணியபோது: அடையாளம் தெரியாத வான்நிகழ்வுகள் (யுஏபி) பற்றிப் பேசுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை லடாக்கில், சீன எல்லையோரம் காவலிருந்த இந்திய ராணுவத்தினர் வானில் 329 முறை மர்ம ஒளிகளைப் பார்த்ததாகக் குறித்துவைத்தார்கள். அவற்றில் 155 முறை எல்லைக்கோட்டைத் தாண்டி வந்தன என்பது அவர்கள் கணக்கு. உளவு ட்ரோனாக இருக்குமோ என்று சந்தேகம். கடைசியில் விஷயம் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்குப் போனது. நம் காவலூர் தொலைநோக்கிகளைப் பராமரிப்பவர்களும் இவர்கள்தான். எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், அடிவானத்துக்கு எவ்வளவு மேலே என்ற விவரங்களை வைத்துக்கொண்டு, அந்த நேரத்து வானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்று வியாழன். இன்னொன்று வெள்ளி.

இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். அந்த உயரத்தில், மெல்லிய காற்றில், தெருவிளக்கே இல்லாத இருட்டில் விடிவெள்ளி எப்படி எரியும் என்பதைப் பார்க்காதவர்கள் சிரிக்கலாம். எனக்கு அந்த வீரர்கள் மேல் மரியாதைதான். நேரத்தையும் திசையையும் எழுதிவைத்தார்கள் அல்லவா? அது இல்லாமல் போயிருந்தால் இன்றைக்கும் யூடியூபில் ‘லடாக் மர்மம்’ ஓடிக்கொண்டிருக்கும்.

அடையாளம் தெரியாத வான்நிகழ்வுகள், சுருக்கமாக யுஏபி, இப்போது பல்கலைக்கழகங்களுக்குள் வந்துவிட்ட பொருள். ஹார்வர்டில் 2021 முதல் இதை ஆராயும் கலிலியோ திட்டம் நடக்கிறது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஆய்வு மையம் இருக்கிறது. நாசா 16 பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்து 2023 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது. ஆய்வு வளர்ந்த அளவுக்கு அதைப் பற்றிய பேச்சு வளரவில்லை. பழைய தவறுகளே திரும்பத் திரும்ப வருகின்றன.

அவற்றில் பெரிய தவறு, தூரம் தெரியாமலேயே வேகத்தைச் சொல்வது. ‘மின்னல் வேகத்தில் போச்சு’ என்பார்கள். வானத்தில் தெரியும் ஒரு புள்ளி அருகில் பறக்கும் பூச்சியா, பத்து கிலோமீட்டர் தள்ளிப் போகும் விமானமா என்று தெரியாதவரை அதற்கு அளவும் இல்லை, வேகமும் இல்லை. கோணம் மாறும் விதம் ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

அமெரிக்கக் கடற்படை விமானம் 2015இல் எடுத்த ‘கோஃபாஸ்ட்’ வீடியோவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் புள்ளி ஒன்று கடலை உரசிக்கொண்டு பறப்பதுபோல் இருக்கும். விமானிகளே வியந்து கூச்சலிடுவது கேட்கும். ஆனால் திரையின் ஓரங்களில் எண்கள் இருக்கின்றன: விமானத்தின் உயரம் 25,000 அடி, கேமரா எத்தனை டிகிரி கீழே பார்க்கிறது, பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. பள்ளி முக்கோணவியல் போதும். நாசா குழு அதைத்தான் போட்டுப் பார்த்தது. பொருள் இருந்தது சுமார் 13,000 அடி உயரத்தில். விமானத்துக்கும் கடலுக்கும் ஏறத்தாழ நடுவே. 22 விநாடியில் அது நகர்ந்தது 390 மீட்டர். மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர். அந்த உயரத்துக் காற்றே அவ்வளவு வேகம் வீசும். அப்படியென்றால் பறந்தது யார்? கேமராவைச் சுமந்த விமானம்தான். ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பக்கத்துத் தந்திக்கம்பம் பின்னால் ஓடுமே, அதே கதை. அது என்ன பொருள் என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. எவ்வளவு வேகம் என்பதை மட்டும் சொல்லும். இரண்டையும் குழப்புவதும் ஒரு தவறுதான்.

‘அரசாங்க நிபுணர்களே கைவிரித்துவிட்டார்கள்’ என்ற வாதமும் அடிக்கடி வரும். சிலியில் 2014இல் கடற்படை ஹெலிகாப்டர் ஒன்று அகச்சிவப்பு கேமராவில் ஒரு பொருளைப் பிடித்தது. அது தன் பின்னால் புகைபோல ஏதோ கக்கிக்கொண்டு போனது. அரசுக் குழு இரண்டு ஆண்டு ஆராய்ந்தும் விடை கிடைக்கவில்லை என்று 2017 ஜனவரியில் வீடியோவை வெளியிட்டது. இணையத்தில் சிலர் விமானப் போக்குவரத்துப் பதிவுகளைத் துழாவி, சில நாட்களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்: சாண்டியாகோவிலிருந்து கிளம்பிய பயணிகள் விமானம். குழு நினைத்ததைவிடத் தூரத்தில் இருந்ததால் தப்பான இடத்தில் தேடியிருக்கிறார்கள். இங்கேயும் கோளாறு தூரத்தில்தான்.

அடுத்தது எண்களைப் படிக்கும் முறை. வானில் மர்மப் பொருளைப் பார்த்ததாக வரும் புகார்களை ஆராய்ந்த அமெரிக்க விமானப்படையின் புளூ புக் திட்டம் 1952 முதல் 1969 வரை நடந்தது. மொத்தம் 12,618 புகார்கள். 701க்கு விடை கிடைக்கவில்லை. உடனே, ‘பார்த்தீர்களா, 701 வேற்றுக்கிரக விமானங்கள்!’ பிரான்சுக்காரர்கள் இதை நேர்த்தியாகக் கையாள்கிறார்கள். அவர்களுடைய விண்வெளி மையத்தில் 1977இல் தொடங்கிய குழு, இன்று ஜெய்பான் என்ற பெயரில் இயங்குகிறது. வரும் புகார்களை நான்காகப் பிரிக்கிறது. ஏ என்றால் விடை உறுதி. பி என்றால் அநேகமாக இதுதான். சி என்றால் தகவல் போதாது. டி என்றால் தகவல் போதுமான அளவு இருந்தும் விடை இல்லை. ஆய்வுக்கு உண்மையில் ருசியானது டி மட்டும்தான். அது மிகச் சிறிய பகுதி. சியையும் டியையும் ஒரே கூடையில் கொட்டிவிட்டு, ‘இத்தனை மர்மங்கள்’ என்று எழுதும் கட்டுரையைக் கண்டால் நான் அத்தோடு மூடிவிடுவேன்.

புகார்கள் கூடினால் பொருள்கள் கூடின என்றும் ஆகாது. 2023 பிப்ரவரியில் தன் வானில் வந்த சீன பலூனை அமெரிக்கா சுட்டு வீழ்த்தியபின், வட அமெரிக்க வான் பாதுகாப்புப் படை தன் ரேடார் வடிகட்டியைத் தளர்த்தியது. அதுவரை மெதுவாக நகரும் சிறு பொருள்களைக் குப்பை என்று ரேடார் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது. தளர்த்தியதும் அடுத்தடுத்து மூன்று பொருள்கள் சிக்கின. வலையின் கண்ணை மாற்றினால் பிடிபடும் மீனும் மாறும், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன்: ‘எல்லாம் புருடா’ என்று கையை உதறுவது. நார்வேயின் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கில் 1980களின் தொடக்கத்திலிருந்து தெரியும் ஒளிகளை ஆராய, 1998இல் தானியங்கி நிலையமே வைத்தார்கள். எல்லா ஒளிக்கும் இன்னும் விளக்கம் கிடைக்கவில்லை. 2023இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவின் 144 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 1,460 ஆசிரியர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். விளக்க முடியாத ஒன்றைத் தாங்களோ தமக்குத் தெரிந்தவரோ பார்த்ததாகச் சொன்னவர்கள் 19 சதவீதம். கேலிக்கு அஞ்சி வாயைத் திறக்காமல் இருந்தவர்கள்தாம் இதில் பலர் என்று நினைக்கிறேன். விமானிகளின் கதையும் அப்படியே. அவர்கள் புகார் செய்யத் தயங்கினால் தரவும் வராது, விடையும் வராது.

சரி, நீங்களே எதையாவது பார்த்தால்? எங்கள் எதிர்வீட்டுக்காரர் போன வருடம் ஒரு வீடியோ அனுப்பினார். கறுப்புத் திரை, நடுவே ஆடும் வெள்ளைப் பொட்டு, முழு ஜூம். “சார், என்னன்னு சொல்லுங்க!” எப்படிச் சொல்வது? ஜூம் போட்டால் பொட்டு ஊதிப் பெரிதாகும், கை நடுக்கம் ‘வளைந்து நெளிந்து பறந்தது’ ஆகிவிடும். மாடி விளிம்போ தென்னை ஓலையோ படத்தில் இருந்தால்தான் திசை தெரியும். நீட்டிய கையின் மடக்கிய முஷ்டி ஏறத்தாழ பத்து டிகிரி. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி என்று எண்ணிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் போனதும் படம் சுருங்கிவிடும், எடுத்த நேரமும் அழிந்துவிடும். அசல் கோப்பை வைத்திருங்கள்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருந்தேன். சில வாரம் கழித்து இன்னொரு வீடியோ வந்தது. ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி. கீழே குறிப்பு: “இரவு 7.12. தென்மேற்கிலிருந்து வடகிழக்கு. நாலு முஷ்டி. நடுவானத்தில் திடீர்னு மறைஞ்சுபோச்சு.” விண்வெளி நிலையம் கடக்கும் அட்டவணையைத் திறந்தேன். அதே நேரம், அதே திசை. பூமியின் நிழலுக்குள் நுழைந்ததால்தான் அது அணைந்தது என்று பதில் அனுப்பினேன். “அப்போ முதல் வீடியோ?” என்று கேட்டார். அது சி வகை என்றேன்.