பணத்தைத் திருப்பிவிட்டார்கள், நஷ்டத்தை யார் தருவது?

அம்மாவுக்கு 74 வயது. டிராக்டர் வாங்கும் உத்தேசம் எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டு மாதம் அவருடைய பென்ஷன் கணக்கிலிருந்து டிராக்டர் கடன் தவணை போயிருந்தது, மாதம் 11,200 ரூபாய். போய் விசாரித்தால், அதே பெயரும் அதே இனிஷியலும் கொண்ட இன்னொருவரின் கடன் அம்மாவின் கஸ்டமர் ஐடிக்குக் கீழே வந்து உட்கார்ந்திருந்தது. கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் அடையாள விவரம்) புதுப்பித்த நேரத்தில் இரண்டு பேரையும் கிளையில் ஒருவராக்கிவிட்டார்கள்.

எழுத்தில் புகார் கொடுத்த பத்தாம் நாள் 22,400 ரூபாய் திரும்ப வந்தது. "ரிவர்ஸ் பண்ணிட்டோம் சார், இதுல ஒரு கையெழுத்து" என்று ஒரு தாளை நீட்டினார் அதிகாரி. 'என் புகார் முழுமையாகத் தீர்ந்தது' என்று அதில் டைப் செய்திருந்தது. இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். அந்த வரியை அடித்துவிட்டு, 'பிடித்த தொகையை மட்டும் பெற்றுக்கொண்டேன், நஷ்ட ஈடு நிலுவையில் உள்ளது' என்று அம்மா கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓய்வுபெற்ற டீச்சர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதிகாரிக்கு முகம் சுருங்கியது. பரவாயில்லை.

அப்புறம் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். பணம் இல்லாததால் அம்மா கொடுத்திருந்த செக் ஒன்று திரும்பியது, அபராதம் ஜி.எஸ்.டி.யோடு 590. கண் ஆபரேஷனுக்காக ஃபிக்சட் டெபாசிட்டை முன்கூட்டியே உடைத்ததில் போன வட்டி 1,870. வங்கிக்கு ஐந்து தடவை ஆட்டோ, 640. போன பணத்துக்கு அத்தனை நாள் சேமிப்பு வட்டி, நூறு ரூபாய்கூடத் தேறவில்லை, அதையும் எழுதினோம். ஒவ்வொன்றுக்கும் பாஸ்புக் என்ட்ரியோ ரசீதோ செராக்ஸ் எடுத்து இணைத்தோம். ஆட்டோவுக்கு ரசீது ஏது? தேதி போட்டு எழுதினதோடு சரி. மன உளைச்சலுக்குத் தனியாக 10,000 கேட்டோம். "அஞ்சு லட்சம் கேளு" என்றார் மாமா. அப்படிக் கேட்டால் மற்ற கணக்கையும் நம்பமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இப்படிப் போட்ட கணக்கைக் கடிதமாக எழுதிக் கிளையில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வங்கியின் தலைமை அலுவலகக் குறைதீர்ப்பு மெயிலுக்கும் அனுப்பி, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது எதுவும் பின்னால் நிற்காது.

30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மனிடம், அதாவது வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரியிடம் போகலாம். ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளமான சி.எம்.எஸ்.ஸில் மனு போட ஒரு பைசா செலவில்லை. சந்தேகம் கேட்க 14448 என்ற போன் எண். வக்கீல் மூலம் போடக்கூடாது, நீங்களோ, நீங்கள் அனுமதி கொடுத்த வக்கீல் அல்லாத ஒருவரோ போடலாம். அதே விவகாரம் நீதிமன்றத்தில் இருந்தால் எடுக்கமாட்டார்கள். நாங்கள் மனு போட்ட 2021ஆம் ஆண்டுத் திட்டத்தில் வங்கியின் தவறால் விளைந்த நஷ்டத்துக்கு 20 லட்சம் வரையும், அலைச்சல், மன உளைச்சலுக்கு 1 லட்சம் வரையும் கொடுக்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் இருந்தது. கெடு இருக்கிறது, ஆறப்போடாதீர்கள். அங்கேயும் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

எங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகவில்லை. மனு போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரம் வங்கியே சமாதானத்துக்கு வந்தது. செலவுக் கணக்கு முழுவதும், அதன்மேல் 5,000. அம்மா சரி என்றார்.

பணம் வந்ததும் அம்மாவின் கடன் விவரம் எல்லாம் இருக்கும் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். அங்கே அம்மா பெயரில் டிராக்டர் இன்னும் நின்றுகொண்டிருந்தது! திருத்தச் சொல்லி மறுபடி ஒரு கடிதம். புகார் கொடுத்து 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அந்த வரியையும் சேர்த்தே எழுதினேன். 19ஆம் நாள் டிராக்டர் கிளம்பிவிட்டது.